யாரும் மிதிக்காமலே உடையும் பனிப்பாளம்: பேக்கன்ட்ரிக்குப் புதியவர் என்ன செய்ய வேண்டும்

லிஃப்ட் இல்லாமல் ஸ்கீயிலேயே ஏறி இறங்கும் ஸ்கீ டூரிங் போகிற மலையில் பனி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பல வழிகள் உண்டு. குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்கலாம், முன்னறிவிப்பைப் படிக்கலாம், ஸ்கீக்கு அடியில் பனி 'வும்ப்' என்று அமுங்குகிறதா என்று காது கொடுக்கலாம். இவை எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி ஒன்று இருக்கிறது. யாரும் மிதிக்காமல், யாரும் வெடி வைக்காமல், உங்கள் கண்ணெதிரே ஒரு பனிப்பாளம் தானாக உடைந்து இறங்குவதுதான் அது. அந்தச் சாய்வு தன் எடையையே தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. அதே மாதிரியான பக்கத்துச் சாய்வில் உங்கள் எடையும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அறிய வேறு சோதனை தேவையில்லை.

ரிசார்ட்டின் கயிற்றுவேலியைத் தாண்டி இப்போதுதான் பேக்கன்ட்ரிக்குப் போகத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இடம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரோஜர்ஸ் பாஸ். செல்கிர்க் மலைத்தொடரில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள், சுமார் 1,330 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் இது. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகவும், கனடியன் பசிபிக் ரயில் பாதை இதற்கு அடியில் உள்ள சுரங்கம் வழியாகவும் போகின்றன. பனிச்சரிவைப் பற்றிக் கனடா கற்ற கடினமான பாடங்களில் பல இங்கே கற்றவை. கூடவே ஒன்று: இந்தக் கட்டுரை ஏஎஸ்டி 1 எனப்படும் தொடக்கநிலைப் பனிச்சரிவுப் பயிற்சிக்கு மாற்று அல்ல. பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடும் அமைப்பான அவலாஞ்ச் கனடா வகுத்த பாடத்திட்டப்படி நடக்கும் அந்த 2 நாள் வகுப்பை முடிக்காமல் பனிச்சரிவு நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

எது உடைகிறது, எதனால்?

பனிச்சரிவில் முக்கியமாக இரண்டு வகை. ஒரு புள்ளியில் தொடங்கி, தலைகீழ் 'வி' வடிவத்தில் அகன்றபடி இறங்குவது உதிரிப் பனிச்சரிவு. மற்றது பாளச் சரிவு, அதாவது ஸ்லாப். சாய்வின் குறுக்கே ஒரு கோடு விழும். அதற்குக் கீழே இருக்கிற பனி முழுவதும் ஒரே நேரத்தில் நகரும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

பாளம் உடைய மூன்று அடுக்குகள் வேண்டும். மேலே, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பனி. நடுவில் பலவீனமான அடுக்கு. சில சமயம் சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அடியில், பாளம் வழுக்கி ஓடும் தளம். சாய்வு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை இருக்கும். 38 பாகையை ஒட்டிய சாய்வுகளில் அதிகம் நடக்கிறது. நல்ல ஸ்கீ ஓட்டத்துக்கு நாம் தேடிப் போவதும் அதே சாய்வுகளைத்தான் என்பதால், ஆபத்தும் ஆசையும் இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

நடு அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெளிந்த, குளிர்ந்த, காற்றில்லாத இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு வடிவப் படிகங்கள் முளைக்கும். இதை சர்ஃபேஸ் ஹோர் என்பார்கள். காலை வெயிலில் மினுங்கும், ஸ்கீ உரசினால் சிலுசிலுவென்று ஒலிக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அதன்மேல் புயல் பனி விழுந்து மூடியதும் அதே அழகு பொறியாகிவிடும். இன்னொன்று ஃபேசட். கடுங்குளிரில், பனிப் போர்வை மெல்லியதாக இருக்கும்போது, உள்ளிருக்கும் மணிகள் கோணல்மாணலாக வளர்ந்து ஒட்டும் தன்மையை இழக்கின்றன. கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும். சர்ஃபேஸ் ஹோர், ஃபேசட் இரண்டும் வாரக்கணக்கில், சில குளிர்காலங்களில் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும்.

தானாக உடைவதற்கு ஏதாவது ஒரு புதுச் சுமையோ மாற்றமோ வேண்டும். 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் அளவு புதுப் பனி. ஒரு பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டு போய் மறுபக்கத்தில் அடைக்கும் காற்று. மழை. திடீர் வெப்பம். நேர் வெயில். முகட்டிலிருந்து ஒடிந்து விழும் கார்னிஸ், அதாவது காற்று அடுக்கிய பனி விளிம்பு. இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கட்டும். சரிவைப் பார்த்த பிறகு இதில் எது காரணம் என்று கேட்டுத்தான் அடுத்த முடிவை எடுக்கப் போகிறீர்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

பனிச்சரிவு முன்னறிவிப்பில் ஆபத்து அளவு 1 முதல் 5 வரை இருக்கும். ஆல்பைன் (மரமில்லாத மேல்பகுதி), மர எல்லை, மர எல்லைக்குக் கீழ் என மூன்று உயரங்களுக்கும் தனித்தனி எண். புதியவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சொற்களைப் படியுங்கள். 2 என்றால் தானாக உடையும் சரிவு நடக்க வாய்ப்புக் குறைவு, மனிதரால் உடைவது சாத்தியம். 3 என்றால் தானாக உடைவதும் சாத்தியம், மனிதரால் உடைய வாய்ப்பு அதிகம். 4 என்றால் தானாக உடையவே வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்து நேரடியாக ஒன்று கிடைக்கிறது. காலையில் 2 என்று படித்துவிட்டுக் கிளம்பினீர்கள். மதியம் ஒரு பாளம் தானாக உடைவதைப் பார்க்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் அந்த உயரத்தில் நிலைமை அநேகமாக 2 அல்ல. முன்னறிவிப்பு ஒரு பெரிய பரப்புக்காக முந்தின நாள் மாலையில் எழுதப்பட்டது. உங்கள் கண் பார்த்தது இந்த மலையில், இந்த நிமிடத்தில் நடந்தது. இரண்டும் ஒத்துவராதபோது கண்ணை நம்புங்கள். ஆனால் கண் ஆபத்து என்று சொல்லும்போது மட்டும்தான்! முன்னறிவிப்பு 4 என்று சொல்கிறது, உங்கள் கண்ணுக்கு எல்லாம் அமைதியாகத் தெரிகிறது என்றால் முன்னறிவிப்பையே நம்புங்கள்.

புதைந்தவரைச் சிக்னலால் கண்டறிய உதவும் டிரான்ஸீவர், பனியில் குத்தித் தேடும் புரோப் கம்பி, தோண்டும் ஷவல் மூன்றும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று போதாது. டிரான்ஸீவர் அனுப்பும் நிலையில் இருக்கும்போது போன் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர். இவற்றோடு ஒரு சிறிய பைனாகுலரும், சாய்வு அளக்கும் கருவியும், செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரைப் பலர் வீண் சுமை என்று நினைக்கிறார்கள். எதிர்மலையில் உடைந்த பாளத்தின் ஆழத்தைப் பக்கத்தில் போகாமலே பார்க்க அதுதான் வழி.

ரோஜர்ஸ் பாஸுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையைக் காக்க, கனடிய ராணுவத்தின் பீரங்கிப் படையினர் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலைமுகங்களைச் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்குகிறார்கள். ஆகவே சில பகுதிகளுக்குக் குளிர்கால அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தப் பகுதி அன்று திறந்திருக்கிறதா என்று காலையில் பார்க்கவும் வேண்டும். நீங்கள் காணும் சரிவு தானாக வந்ததா, குண்டு விழுந்து வந்ததா என்று தெரிந்துகொள்ளவும் இந்தத் தகவல் உதவும். நள்ளிரவில் சுட்டு இறக்கிய சரிவின் குவியலைக் காலையில் பார்த்துவிட்டு, தானாக வந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

முதல் படி: கண்ணை அதிலிருந்து எடுங்கள்

பாளம் உடைந்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் சத்தமல்ல. எதிர்முகத்தில் மெல்லிய நிழற்கோடு ஒன்று குறுக்கே ஓடும். அதன் கீழே பரப்பு முழுவதும் கட்டம் கட்டமாக விரிசல் விட்டு, ஒரு கணம் அப்படியே சேர்ந்து வழுக்கும். பிறகு கட்டங்கள் நொறுங்கிப் புகையாகும். இரைச்சல் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். சில விநாடிகளிலேயே அது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

மனிதர் எவருக்கும் இதிலிருந்து கண்ணை எடுப்பது கடினம், போனை எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள். முதல் கேள்வி: நான் எங்கே நிற்கிறேன்? உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அந்தச் சரிவு ஓடிவந்தால் எதுவரை வரும் என்று பாருங்கள். பனிப்புகை, குவியல் நிற்கும் இடத்தையும் தாண்டி எதிர்ச்சாய்வில் ஏறக்கூடியது.

நீங்கள் பாதையிலோ அதன் அடியிலோ நின்றால், ஓட்டத்தின் திசையிலேயே கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். மேடான முதுகு, அடர்ந்த முதிர்ந்த காடு, இவை அடைக்கலம். மரம் இருப்பதாலேயே ஒரு இடம் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மலையின் மேல்நோக்கிய பக்கத்துக் கிளைகள் ஒடிந்து, ஒரு பக்கம் மட்டும் கிளை நிற்கும் மரங்கள். ஒரே உயரத்தில் இளமரங்களும் ஆல்டர் புதரும் மட்டும் வளர்ந்த பட்டை. இதெல்லாம் சரிவுகள் பழகிய வழி.

பள்ளத்தாக்கின் அடியில், தட்டையான தடத்தில் போகிறோம், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு 2003 பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் பாஸை ஒட்டிய கனாட் ஓடைப் பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளி மாணவர்கள் 14 பேரும் பெரியவர்கள் 3 பேருமாக 17 பேர் பாலு பாஸை நோக்கிப் பள்ளத்தாக்கின் அடியில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தச் செங்குத்துச் சாய்விலும் ஏறவில்லை. மேலே கியோப்ஸ் மலையின் முகத்தில் ஒரு பெரிய பாளம் தானாக உடைந்தது. அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே, நவம்பரில், உருவாகி ஆழத்தில் புதைந்திருந்த பலவீன அடுக்கில்தான் அது உடைந்தது. சரிவு பள்ளத்தாக்கின் குறுக்கே ஓடி எல்லோரையும் அடித்தது. மேலே சற்றுத் தள்ளி இருந்த இரண்டு மலை வழிகாட்டிகள் அதைப் பார்த்துக் கத்தி எச்சரித்தார்கள், உடனே இறங்கி வந்து தோண்டினார்கள். பலரை உயிரோடு எடுத்தார்கள். 7 மாணவர்கள் பிழைக்கவில்லை.

இதன் பிறகுதான் கனடாவில் நிறைய மாறியது. எந்தப் பாதை எவ்வளவு பனிச்சரிவு நிலத்தைக் கடக்கிறது என்று தரம் பிரிக்கும் ஏடிஇஎஸ் அளவுகோலைத் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா உருவாக்கியது. இன்று அவலாஞ்ச் கனடா என்று அறியப்படும் அமைப்பு 2004-இல் ரெவல்ஸ்டோக்கில் தொடங்கப்பட்டது. நீங்கள் போகவிருக்கும் பாதையின் ஏடிஇஎஸ் தரத்தை முந்தின இரவே பார்த்து வையுங்கள்.

யாராவது அதில் இருந்தார்களா?

உங்கள் குழுவை எண்ணுங்கள். பிறகு சரிவின் பரப்பைக் கண்ணால் துழாவுங்கள். உள்ளே போகும் ஸ்கீ தடம் இருக்கிறதா, வெளியே வரும் தடம் இல்லையா? குவியலில் நிறமாக ஏதாவது தெரிகிறதா? ஆள் இருந்ததைப் பார்த்திருந்தால், கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்பதை ஒரு பாறையோடோ மரத்தோடோ பொருத்தி ஒருவர் கண் எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் அது செங்குத்தாக விழுகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. அருகில் இருப்பவர்கள்தான் மீட்புப் படை. ஆயினும் குவியலுக்குள் நுழையும் முன் மேலே இன்னும் தொங்குவது என்ன, எந்த வழியாகப் போனால் வந்த வழியே விலக முடியும் என்று பார்த்தாக வேண்டும். ஒருவர் செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்கட்டும். இந்தப் பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மற்றவர்கள் எல்லோரும் டிரான்ஸீவரைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையில் விட்டாலும் தேடுபவர்கள் அவரைத்தான் கண்டுபிடிப்பார்கள். தேடலின் மற்ற நுணுக்கங்களை எழுத்தில் கற்க முடியாது, வகுப்பில் கைப்பழக்கமாகத்தான் வரும்.

இரண்டாம் படி: நின்ற இடத்திலேயே நில்லுங்கள்

யாரும் சிக்கவில்லை, நீங்கள் நிற்பது பாதுகாப்பான மேடு என்று உறுதியானால், அங்கேயே நில்லுங்கள். ஒரு சரிவு வந்து நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாக மனம் தளர்கிறது. ரோஜர்ஸ் பாஸின் மிகப் பெரிய துயரம் அப்படிப்பட்ட நேரத்தில்தான் வந்தது.

1910 மார்ச் 4. கியோப்ஸ் மலையிலிருந்து ஒரு சரிவு இறங்கி ரயில் பாதையை மூடியது. பாதையைத் துப்புரவாக்க அறுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் சுழல் பனிக்கலப்பை பூட்டிய எஞ்சினும் வந்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது இன்னொரு சரிவு வந்தது. முதல் சரிவு வந்த மலையிலிருந்து அல்ல, பள்ளத்தாக்கின் மறுபக்கம் இருந்த அவலாஞ்ச் மலையிலிருந்து. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். ரயில் நிறுவனம் அதன் பிறகு கணவாயைக் கைவிட்டு மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டியது. 1916-இல் கனாட் சுரங்கம் திறக்கப்பட்டது.

ஒரு புயல் ஒரு மலையில் மட்டும் பெய்வதில்லை. ஒரு சாய்வை உடைத்த சுமை சுற்றியிருக்கும் எல்லாச் சாய்வின் மேலும் ஏறியிருக்கிறது. சில சமயம் ஒரு பாளம் உடையும் அதிர்விலேயே பக்கத்துப் பாளமும் உடையும். ஆகவே குறைந்தது சில நிமிடம் நின்று, உடைந்த இடத்தின் இரு ஓரங்களையும், அதன் மேல் மிஞ்சியிருக்கும் பனியையும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் மலையையும் பாருங்கள். பின்னால் பார்ப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

குழுவில் எவராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணா, அது ஏற்கெனவே சரிஞ்சிடுச்சே, இனி அதுல ஏறினா பாதுகாப்புதானே?" இல்லை. முறிவுக் கோட்டுக்கு மேலும் ஓரங்களிலும் உடையாத பாளம் ஆதாரமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மூலையிலிருந்து பாதி மட்டும் உடைந்திருக்கலாம். அடியில் பலவீன அடுக்கின் மிச்சம் இருந்தால், அடுத்த புயல் வந்து மூடியதும் அதே இடம் மறுபடி உடையலாம். பக்கத்தில் போய்ப் பார்ப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

மூன்றாம் படி: பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

இப்போது போனை எடுக்கலாம். முதலில் முழு மலையும் தெரியும்படி ஒரு படம். எந்த முகடு, எந்தக் கணவாய் என்று பிறர் அடையாளம் காண வேண்டும். பிறகு நெருக்கமாக ஒன்று: முறிவுக் கோடு, ஓரங்கள், குவியல். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முறிவுச் சுவரைக் கிரவுன் என்பார்கள். பைனாகுலரில் பார்த்தால் அது கத்தியால் வெட்டியதுபோல் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். நிழலில் நீலச் சாம்பலாகத் தெரியும். அதன் உயரம்தான் பாளத்தின் தடிமன். அருகில் ஒரு மரமோ பாறையோ இருந்தால் அதோடு ஒப்பிட்டுக் கணியுங்கள். சுவர் ஒரே சீராக ஓடுகிறதா, அல்லது ஓரிடத்தில் படி இறங்கியதுபோல் இன்னும் ஆழமான அடுக்குக்குத் தாவுகிறதா என்பதை மிகக் கவனமாகப் பாருங்கள். 40 சென்டிமீட்டரில் தொடங்கிய முறிவு நடுவில் ஒன்றரை மீட்டருக்கு இறங்கினால், புதுப் பனி உடைந்து பழைய அடுக்கையும் எழுப்பிவிட்டது என்று பொருள். அன்று முழுவதும் நீங்கள் பார்க்கப்போவதில் இதைவிட முக்கியமான தகவல் இருக்காது.

அடுத்து முகமும் உயரமும். சாய்வு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? வரைபடத்தில் வைத்துச் சரிபாருங்கள். எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது திசையைத் தலைகீழாகச் சொல்லிவிடுவது மிகச் சாதாரணம். நீங்கள் தென்முகமாக நின்று எதிரே பார்க்கும் சாய்வு வடக்கு நோக்கியது. தொடங்கிய உயரத்தையும் வரைபடத்தின் உயரக்கோடுகளை வைத்துச் சொல்லலாம்.

அளவுக்குக் கனடாவில் 1 முதல் 5 வரை எண் உண்டு. இடையே அரை எண்ணும் சொல்வார்கள். சரிவு என்ன சேதம் செய்யக்கூடும் என்பதுதான் அளவுகோல். 1, பொதுவாக ஆளுக்குத் தீங்கில்லாதது. ஆனால் பாறைக்கு மேல் நிற்பவரைத் தள்ளிவிடப் போதும். 2, ஒருவரைப் புதைக்க, காயப்படுத்த, கொல்ல வல்லது. சுமார் 100 டன். 3, காரைப் புதைத்து நொறுக்கும், மரவீட்டை இடிக்கும். சுமார் 1,000 டன். 4, ரயில் பெட்டியையோ பல கட்டடங்களையோ அழிக்கும். 5, ஒரு கிராமத்தையே அழிக்கக்கூடியது. 2 என்றால் சின்னது என்று காதில் விழும். கொல்வதற்கு அது போதும்.

நீங்கள் அது ஓடுவதைப் பார்க்கவில்லை, குவியலை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் வயதைக் கணியுங்கள். முறிவின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது. காற்றுப் பனி அடைத்து விளிம்பு மழுங்கியிருந்தால், குவியலின் மேல் புதுப் பனி படர்ந்திருந்தால் பழையது. கட்டி கட்டியாக, கோணலாக உடைந்து கிடப்பது உலர்ந்த பாளம். உருண்டையும் சேறுமாகக் கிடப்பது ஈரப் பனி.

நான்காம் படி: ஏன் உடைந்தது என்று கேளுங்கள்

கடந்த 24 மணி நேரத்தில் என்ன மாறியது? பதில் எதுவோ, அதைப் பொறுத்து விலக வேண்டிய இடமும் மாறும்.

புதுப் பனி காரணமென்றால் திசை வேறுபாடு அதிகம் இராது. செங்குத்தான எல்லாச் சாய்வும் சந்தேகத்துக்குரியவை. இந்த வகை பெரும்பாலும் புயல் ஓய்ந்து ஓரிரு நாளில் தணியும். காற்று காரணமென்றால், காற்று வீசிய பக்கத்துக்கு மறுபக்கம், முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஓடையிடுக்கின் ஒரு கரையில் பனி தடித்திருக்கும். தென்மேற்கிலிருந்து வீசியிருந்தால் வடகிழக்கு முகம். முகட்டிலிருந்து பனி கொடியாகப் பறந்துகொண்டிருந்தால் பாரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

வெயில் காரணமென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். காலையில் கிழக்கு முகம், நண்பகலில் தெற்கு, பிற்பகலில் மேற்கு என்று ஆபத்து வெயிலோடு நகரும். பாறைகளை ஒட்டிப் பனியுருளைகள் சுருண்டு உருள்வது முன்னறிகுறி. திரும்பும் வழி மேற்கு முகத்துக்கு அடியில் போகிறது என்றால், பிற்பகல் 3 மணிக்கு அங்கே இருக்கக் கூடாது.

இவை எதுவும் பொருந்தவில்லை, பெரிய பனிப்பொழிவும் இல்லை, காற்றும் இல்லை, ஆனால் ஆழமாக உடைந்திருக்கிறது என்றால், எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். பழைய பலவீன அடுக்கு விழித்திருக்கிறது. இந்த வகையில் தடம் எதையும் உறுதிப்படுத்தாது; ஐந்து பேர் இறங்கிய சாய்வில் ஆறாவது ஆள் காலடியில் உடையும். அடியிலுள்ள தட்டையில் நடப்பவர் மேலே உள்ள சாய்வை உடைக்கவும் முடியும். இதற்குத் தீர்வு திறமையல்ல, விலகுவது மட்டுமே.

ஐந்தாம் படி: திட்டத்தை மாற்றுங்கள்

குழு முழுவதையும் ஒன்றாக நிறுத்திப் பேசுங்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டு அவரை வாதத்தில் தோற்கடிக்கக் கூடாது. பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறோம், விடுமுறை ஒரு நாள்தான், அதோ முந்திய குழு மேலே போய்விட்டது, இந்த மூன்றும் பனியின் வலிமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்லும் விதி எளிது. தானாக உடைந்த பாளத்தைப் பார்த்த நாளில் 30 பாகைக்கு மேற்பட்ட எந்தச் சாய்விலும் ஏறாதீர்கள், அப்படிப்பட்ட சாய்வின் அடியிலும் நிற்காதீர்கள். அனுபவம் கூடியவர்கள் முகம் பார்த்து, உயரம் பார்த்து நுணுக்கமாகப் பிரித்து முடிவெடுப்பார்கள். உங்களுக்கு அது இன்னும் சில குளிர்காலங்களுக்குப் பிறகு. சாய்வுக் கருவியை ஸ்டிக்கில் வைத்து அளந்து பழகுங்கள். வெறும் கண்ணுக்கு 32 பாகையும் 27 பாகையும் ஒன்றாகத் தெரியும்.

திரும்பும் வழியில் சரிவுப் பாதைகளைக் கடந்தே ஆக வேண்டியிருந்தால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். ஒருவர் ஒதுங்கிய இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர் புறப்படலாம். மற்றவர்கள் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். நடுவில் நின்று ஸ்கின்னை (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை) சரிசெய்வதும் படம் எடுப்பதும் கூடாது. காலையில் வந்த தடத்தையே பிடித்துப் போவது எப்போதும் சரியல்ல, அந்தத் தடம் வெயில் ஏறுவதற்கு முன் போட்டது. அடர்ந்த காட்டினூடே சற்றுச் சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றியே போங்கள்.

ஆறாம் படி: அறிக்கை அனுப்புங்கள்

அவலாஞ்ச் கனடாவின் மவுன்டன் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க், சுருக்கமாக மின், யாரும் தாங்கள் பார்த்ததைப் பதியக்கூடிய இடம். செயலியிலேயே அனுப்பலாம். நான் புதியவன், எனக்கென்ன தெரியும் என்று தயங்க வேண்டாம். முன்னறிவிப்பு எழுதுபவர்களால் எல்லாப் பள்ளத்தாக்கையும் பார்க்க முடியாது. தானாக உடைந்த ஒரே ஒரு சரிவின் தெளிவான படம், நாளைய எண்ணை மாற்றக்கூடியது.

ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"பிற்பகல் 1 மணி அளவில் எதிர்ப்பக்க மலையில் தானாக உடைந்த பாளச் சரிவு, ஓடும்போதே பார்த்தோம். வடகிழக்கு முகம், தொடக்கம் சுமார் 2,200 மீட்டர், கார்னிஸுக்குக் கீழே. அகலம் ஏறத்தாழ 80 மீட்டர், முறிவு ஆழம் அரை மீட்டர் போல, தூரத்திலிருந்து கணித்தது. அளவு 2.5. மர எல்லைக்குக் கீழே வரை ஓடியது. யாரும் சிக்கவில்லை. காலை முதல் தென்மேற்குக் காற்று பலமாக வீசியது. காற்றடைத்த பாளம் என்று நினைக்கிறோம். பலவீன அடுக்கு எதுவென்று தெரியவில்லை."

பார்த்தது எது, ஊகித்தது எது என்று இதில் பிரிந்திருக்கிறது, கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது அறிக்கையைப் பலவீனமாக்காது. அளவைக் கூட்டிச் சொன்னால்தான் யாருக்கும் பயனில்லாமல் போகும். அன்று மாலையே அனுப்புங்கள். மறுநாள் அதிகாலையில் அதே பள்ளத்தாக்குக்குக் கிளம்பும் குழு இரவில் அதைப் படிக்கட்டும்.

அடுத்த வாரங்களில்

அந்தச் சரிவுக்குக் காரணம் புயல் பனியோ காற்றோ என்றால், சில நாள் பொறுத்து முன்னறிவிப்பைப் பார்த்துத் திரும்பப் போகலாம். நிலைத்த பலவீன அடுக்கு என்றால் கணக்கு வேறு. கனடாவில் இந்த அடுக்குகளுக்கு அவை புதைந்த தேதியையே பெயராக வைக்கிறார்கள்: ஜனவரி நடுவில் புதைந்த சர்ஃபேஸ் ஹோர், நவம்பர் கடைசி ஃபேசட் என்று முன்னறிவிப்பில் படிப்பீர்கள். நீங்கள் பார்த்த சரிவு எந்தத் தேதியின் அடுக்கில் ஓடியது என்பதை அடுத்த ஓரிரு நாள் முன்னறிவிப்புகளில் தேடிக் குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பனிப்போர்வை பற்றிய பத்தியில் அந்தத் தேதி இன்னும் வருகிறதா, எவ்வளவு ஆழத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள், எந்த முகத்தில், எந்த உயரத்தில் என்று பாருங்கள். இரண்டு வாரம் பேச்சில்லாமல் இருந்த அடுக்கு, ஒரு பெரும் புயலோ முதல் வசந்த வெப்பமோ வந்ததும் மறுபடி பத்தியில் தலைகாட்டும். அந்தத் தேதி பத்தியில் இருக்கும்வரை, அந்த முகத்தில், அந்த உயரத்தில் உங்கள் பயணம் 30 பாகைக்குக் கீழேயே இருக்கட்டும்.